மலைக் கஷாயமும் இரண்டாவது டம்ளரும்

கஷாயப் பொடி பாக்கெட்டின் மேல் என் போட்டோவைப் போட வேண்டும் என்று தினேஷ் வந்து நின்றபோது, நான் மேற்குத் தாம்பரம் வீட்டில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றுலாக் கம்பெனியில் இருபத்தி நாலு வருஷம் சமையல் மாஸ்டராக இருந்து, காசி முதல் காஷ்மீர் வரை அண்டாவுக்கு முன்னால் நின்றதில் எனக்கு மிச்சம் இந்த முட்டிவலிதான். தினேஷ் அதே கம்பெனியில் இப்போது டூர் ஏற்பாடுகளைப் பார்க்கிறவன். நல்ல பிள்ளை. சுறுசுறுப்பு அதிகம், காது கொஞ்சம் கம்மி.

"மாஸ்டர், ‘கோதண்டம் மாஸ்டர் மலைக் கஷாயம்’னு பேரு. உள்ள உங்க பொடி, கூடவே ஒரு துணி முடிச்சுல பச்சைக் கற்பூரம், கிராம்பு, ஏலக்காய். லடாக் போற பேசஞ்சர் கையில இதைக் குடுத்துட்டா மூச்சுத் திணறல், தலைவலி எதைப் பத்தியும் கவலையே இல்ல."

"கவலை இல்லன்னா இன்னாடா அர்த்தம்?"

"லே ஊர்ல இறங்கினதும் ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கணும்ல? அதை ஒரு நாளா குறைச்சுட்டோம். இப்ப யாருக்கு மாஸ்டர் அவ்ளோ லீவு கிடைக்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி அவன் மேல் ஊற்றியிருப்பேன், வீணாகுமே என்று விட்டேன். அவனோ என் முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னான். பாக்கெட்டோடு வைக்க என் அனுபவத்தை அரைப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அப்புறம் சேலையூரில் இருக்கும் வத்சலா டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். என் கஷாயத்தால் உயிர் பிழைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அந்த அம்மாதான்.

டீச்சர் பெயரைக் கேட்டதும் நான் குனிந்து மறுபடி முட்டிக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தேன். சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் நிற்கவில்லை.

சமையலை நான் குரோம்பேட்டைக் கல்யாண மண்டபங்களில் கற்றுக்கொண்டேன். தேங்காய் துருவி, பாத்திரம் கழுவி, கரண்டியால் அடி வாங்கி, ஆறு வருஷத்தில் அடுப்பு என் கைக்கு வந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா மாஸ்டரும் அப்படி வந்தவர்கள்தான். சுற்றுலாக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. பதினோராயிரம் அடிக்கு மேலே போனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் சாம்பார் வைத்தவன் நாசமாய்ப் போவான். முதல் தடவை நானும் போனேன். முப்பது பேர் கல் மாதிரித் துவரம்பருப்பைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

எங்கள் டூர் மேனேஜர் பெயர் காதர் பாய். தாம்பரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். காசிக்கும் கேதாருக்கும் போகிற மாமிகள்கூட, "காதர் பாய் வந்தா நாங்க வரோம்" என்று சீட் பதிவு செய்வார்கள். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாம்மா? தூங்கினீங்களா? ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். மூன்றாவது கேள்வியில் பெண்கள் வெட்கப்படுவார்கள். அவர் வெட்கப்பட மாட்டார். மலையில் வழியெல்லாம் கக்கூஸ் கிடையாதே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்குவார்கள், அதிலேயே பாதித் தலைவலி வந்துவிடும்.

லடாக் டூருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில் கூட்டம் போடுவார். அங்கே எல்லோர் கேள்வியும் கற்பூரத்தைப் பற்றித்தான் இருக்கும். யூடியூபில் பார்த்திருப்பார்கள். டூர் கிளம்பும் அன்று ஆளுக்கொரு கைக்குட்டையில் பச்சைக் கற்பூரத்தை முடிந்துகொண்டு வருவார்கள். வேனுக்குள் ஏறினால் பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி மணக்கும்.

பாய் சிரிக்காமல் சொல்வார்: "தாராளமா எடுத்துட்டு வாங்க. மோந்து பாருங்க, மூக்கு அடைப்பு விடும், மனசுக்குத் தெம்பா இருக்கும். ஆனா முழுங்கிடாதீங்க, வெஷம். இன்னொண்ணு, மேல காத்துல தெம்பு கம்மி. கற்பூரம் காத்தைக் கொண்டு வராது. மெதுவா நடங்க, தண்ணி குடிங்க, ரெண்டு நாள் படுங்க. தலை வலிச்சா என்கிட்ட சொல்லுங்க. வலியோட ஒரு அடிகூட மேல ஏறக் கூடாது. இறங்குறதுதான் மருந்து."

மாத்திரை வேண்டும் என்பவர்களை அவரவர் டாக்டரிடம் அனுப்புவார். அவரிடம் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும், அவசரத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பெட்டியும் இருக்கும்.

என் கையில் இருந்தது கஷாயம். சுக்கு, மிளகு, கொத்தமல்லி விதை, ஏலக்காய், காய்ந்த துளசி. மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையில் நானே பார்த்து வாங்கி, வறுத்து, இடித்துக்கொண்டு போவேன். லேயில் சாயங்காலமானால் கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் ஒரு டம்ளர். பூண்டு ரசமும் உண்டு, பூண்டு சாப்பிடாதவர்களுக்கு மிளகு ரசம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குளிரில் என் கஷாயம் தொண்டையில் இறங்கினால் செத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று பேசஞ்சர்கள் சொல்வார்கள். எனக்கும் தலைக்கனம்தான். யாராவது புகழ்ந்தால் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்ல வைப்பேன்.

பாய் முதல் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"நல்லா இருக்கு மாஸ்டர். சுக்கு குமட்டலை அடக்கும், சூடு உடம்புக்கு நல்லது. எல்லாருக்கும் குடுங்க. ஆனா ரெண்டாவது டம்ளர் யார் கேக்குறாங்களோ, அவங்க பேரு எனக்கு வந்துடணும். அதே மாதிரி யார் தட்டுல சோறு மிச்சம் இருக்கோ, அவங்க பேரும்."

"எதுக்கு பாய்? ருசிக்குக் கேக்குறவங்களும் கீறாங்கல்ல?"

"இருக்கட்டும். உசரம் ஒத்துக்காம மலை புடிச்சவங்களுக்கு முதல்ல சோறு இறங்காது, கஷாயம்தான் இறங்கும். என்கிட்ட வந்து தலைவலின்னு சொல்ல மாட்டாங்க, நிறுத்திடுவேன்னு பயம். உங்ககிட்ட வந்து கஷாயம் கேப்பாங்க."

பெயர் போனவர்களை அவர் தனியே கூப்பிடுவார். தரையில் ஒரு வெள்ளைக் கயிற்றை நீட்டுவார். ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொட, கயிற்றின் மேலேயே பத்தடி நடக்க வேண்டும். தடுமாறினால் இறக்கம், பேச்சே கிடையாது. நேராக நடந்தாலும் தலைவலி இருந்தால் லேயிலேயே இருப்பு. முப்பது பேரையும் அந்தக் குளிரில் நடக்க வைக்க முடியாது. சமையல்கட்டிலிருந்து என்ன பெயர் வருகிறதோ, அதை வைத்துத்தான் அவர் வேலை ஓடியது.

ஒரு டூரில் மேடவாக்கத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பையன் வந்திருந்தான். ஜிம் உடம்பு. முதல் நாளே அங்கிருந்த புத்தர் கோயில் படிகளில் ஓடி ஏறி வீடியோ எடுத்தான். மறுநாள் முதல் ஆளாக இரண்டாவது டம்ளருக்கு வந்து நின்றான். நான் பாயிடம் சொன்னேன், பாய் அவனை மூன்று நாள் லேயிலேயே உட்கார வைத்துவிட்டார். அவன் மேலே இருக்கும் பாங்காங் ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்பினான். ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் என்னைப் பார்த்தபோதெல்லாம், "போட்டுக் குடுத்துட்டீங்கல்ல மாஸ்டர்?" என்பான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சோறு போடுகிறவன் கோள் சொல்கிறவன் ஆகிவிட்டானே என்று மற்றவர்களும் பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சில பெயர்களை நான் பாயிடம் சொல்லாமல் விட ஆரம்பித்தேன். ருசிக்குத்தான் கேட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த நிலைமையில்தான் வத்சலா டீச்சர் வந்தார்.

சேலையூரில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபது வயது, ஒல்லி, கறார். தட்டில் நான் அப்பளம் ஒன்று கூட வைத்தால், "எல்லாருக்கும் ரெண்டுதானே மாஸ்டர்? எனக்கு மட்டும் ஏன் மூணு?" என்று திருப்பி வைப்பார். வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தவர். கல்யாணமான புதிதில் அவருக்கு லடாக்கில் வேலை. அங்கிருந்து பாங்காங் ஏரியைப் பற்றி டீச்சருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறார். பிறகு தாம்பரத்துக்கு மாற்றலாகி, குழந்தைகள், வீடு, அப்புறம் அவர் போயே போய்விட்டார். அந்த ஏரியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் டீச்சர் தனியாக வந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை லேயில் இறங்கினோம். வெள்ளிக்கிழமை காலை ஏரிக்குக் கிளம்ப வேண்டும். வழியில் பதினேழாயிரம் அடிக்கும் மேலே ஒரு கணவாயைத் தாண்டி, பதினாலாயிரம் அடியில் இருக்கும் ஏரிக்கரையில் கூடாரத்தில் ஓர் இரவு தங்கல்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் சமையல்கட்டுக்கு வந்தார். இரண்டாவது டம்ளர் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு கிடைக்குமா மாஸ்டர்? நேத்துலேர்ந்து லேசா ஒரு தலைவலி. இதைக் குடிச்சா விட்டுடுது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"பாய்கிட்ட சொல்லிடாதீங்க. இனிமே எனக்கு யார் இருக்கா கூட்டிட்டு வர? ப்ளீஸ் மாஸ்டர்."

அந்தக் கறாரான அம்மா ப்ளீஸ் என்று சொன்னது என்னை என்னவோ செய்துவிட்டது. "நான் இன்னாத்துக்கு டீச்சர் சொல்லப்போறேன்? குடிங்க, எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் யார்? கரண்டி பிடிக்கிறவன். ஆனால் சொன்னேன்.

மறுநாள் காலை டிபனுக்கு டீச்சர் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒருபொழுது, சாயங்காலம்தான் சாப்பிடுவேன் என்றார். எங்கள் கூட்டத்தில் இது சாதாரணம். வெள்ளி, சனி, கிருத்திகை என்று யாராவது ஒருத்தர் எப்போதும் விரதத்தில் இருப்பார்கள். விரதக்காரர்களை வற்புறுத்தினால் பாவம் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து படிந்துபோன எண்ணம். அவர் தட்டு காலியாக இருந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டதால் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சமையல் வண்டி முதலில் போய்விடும். நான் ஏரிக்கரையில் அடுப்பை மூட்டி முடித்த பிறகு பேசஞ்சர் வண்டிகள் வந்தன. டீச்சர் தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு இறங்கி, குனிந்தபடியே நேராகக் கூடாரத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கூடாரத்து அம்மாவிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துக் கஷாயம் கேட்டு அனுப்பினார். மூன்று டம்ளர் பிடிக்கும். நிரப்பிக் கொடுத்தேன். விரதத்தில் இருக்கிறவருக்குச் சூடாக ஏதாவது போகட்டுமே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

இருட்டிய பிறகு, ஏழு மணிக்குச் சாப்பாடு. டீச்சர் வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி தயிர்சாதம் வாங்கினார். கையில் கற்பூர முடிச்சு. அதை முகர்ந்துகொண்டே சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பரிமாறிவிட்டுத் திரும்பியபோது தட்டு காலி. பக்கத்தில் இருந்தவர் தட்டில் தயிர்சாதம் கூடியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், இவ்வளவு நாளாக யாரிடமும் சொன்னதில்லை.

பாய் வழக்கம்போல் என் பின்னால் வந்து நின்றார்.

"யார் தட்டு மாஸ்டர்?"

"எல்லாம் காலி பாய்."

"டீச்சர்?"

"ஒருபொழுது. இப்பதான் சாப்டாங்க."

"கஷாயம்?"

குளிரில் அவர் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த மேடவாக்கத்துப் பையன் முகம் ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு ராத்திரிதானே, விடிந்தால் ஏரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பப்போகிறோம், அந்தம்மா ஆசையில் நான் எதற்கு மண்ணைப் போட வேண்டும்?

"யாரும் கேக்கல பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கயிறு பைக்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த நேரம். பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். டீச்சர் சமையல் கூடாரத்துக்குள் வந்து காய்கறி மூட்டைமேல் உட்கார்ந்தார். காலில் ஷூ இடம் வலம் மாறியிருந்தது. ஸ்வெட்டரின் முதல் பொத்தானைக் கடைசி ஓட்டையில் போட முயன்றுகொண்டிருந்தார். போடவே முடியவில்லை.

"டீச்சர், காப்பியா, கஷாயமா?"

அவர் என்னைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சா? பசங்க பேப்பரெல்லாம் மேஜை மேலேயே இருக்கு" என்றார்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க?"

"பேப்பர் திருத்தணும்ல?" என்று எழுந்தார். ஒரு அடி வைத்தார். பக்கவாட்டில் சாய்ந்து அடுப்பின் மேல் விழப்போனவரை நான் பாய்ந்து பிடித்தேன். பால் கொட்டியது. என் கை வெந்தது. நான் போட்ட சத்தத்தில் பாய் ஓடி வந்தார்.

ஒரு பார்வைதான் பார்த்தார். கயிறுகூட எடுக்கவில்லை. டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தி, "அம்மா, என்கிட்ட ரெண்டு அடி நடந்து வாங்க" என்றார். கால்கள் பின்னிக்கொண்டன. அப்படியே தாங்கி உட்கார வைத்து, சிலிண்டரின் மூடியைத் திருகி, முகமூடியை மாட்டி, பெட்டியைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தார். எல்லாம் அதே மெதுவான குரலில், "மாஸ்டர், அந்தப் போர்வை. மாஸ்டர், டிரைவரைக் கூப்பிடுங்க" என்று.

அங்கே ஒரு சங்கடம் இருந்தது. மலை பிடித்தவரைக் கீழே இறக்க வேண்டும். ஆனால் லேவுக்கு இறங்க வேண்டுமானால் அந்தக் கணவாயை மறுபடி ஏறித் தாண்ட வேண்டும். இந்த நிலையில் ஏற்றினால் உயிர் வழியிலேயே போய்விடும். கணவாய்க்கு இந்தப் பக்கமே, ஏரியைவிடத் தாழ்வில் டாங்சே என்று ஒரு ஊர், அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே கொண்டுபோவோம் என்றார் டிரைவர். பின் சீட்டில் டீச்சர் தலை என் மடியில். முன் சீட்டில் பாய் சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ரோடு பல இடத்தில் இல்லை, வெறும் கல்லும் ஓடையும்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் டீச்சர் முனகினார். பிறகு முனகலும் நின்றுவிட்டது. நான் குனிந்து முகமூடியில் ஆவி படிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன். வாய்விட்டுத்தான் கூப்பிட்டேன், பாய் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். டீச்சரைப் படுக்க வைத்துப் பெரிய சிலிண்டரை மாட்டியபடியே இந்தியில் கேட்டார்: தலைவலி எப்போது ஆரம்பித்தது?

பாய் சொன்னார்: "இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்தாங்க. சாப்பிட்டாங்க."

என்னை நம்பிச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"இல்ல பாய்" என்றேன். "புதன்கிழமையிலேர்ந்து. வியாழக்கிழமை என்கிட்ட சொன்னாங்க. நேத்து முழுக்க ஒரு வாய் சாப்பிடல. நேத்து மூணு டம்ளர் கஷாயம், அதுக்கு முந்தின நாளும் மூணு. நான்தான் குடுத்தேன். நான்தான் உங்ககிட்ட மறைச்சேன்."

பாய் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, ஒரு சொல்கூட விடாமல் அதை இந்தியில் சொன்னார். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, நர்சிடம் ஏதோ சொல்லி ஊசி போட வைத்தார்.

அன்று பகல் முழுவதும் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தோம். தீக்காயத்துக்கு யாரோ களிம்பு தடவினார்கள், எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம் தாண்டி டீச்சர் கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொன்னார். மறுநாள் ஆக்ஸிஜனோடு ஆம்புலன்சில் லேவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் சென்னைக்கு அனுப்பிவைத்தோம். நான் அழுதேன். சிரிக்காதீர்கள், விமான நிலைய வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

பாய் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "கஷாயத்துல ஒரு குறையும் இல்ல மாஸ்டர். அது குமட்டலை அடக்கிடுச்சு, அதனாலதான் அந்தம்மாவால தாங்கிக்கிட்டே மேல வர முடிஞ்சுது. டீச்சர்கிட்ட நீங்கதான் இதைச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் பழத்தோடு சேலையூருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலிலேயே டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு நாள் அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்ததெல்லாம் கஷாயத்தின் சூடுதான். "நீங்க அதைக் குடுக்கலைன்னா நான் இல்ல மாஸ்டர்" என்றார். மகள் என் காலில் விழப் போனாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, என் கஷாயத்துக்குப் பெயர் வந்தது. ஒன்பது வருஷம் அந்தப் பெயரில் குளிர்காய்ந்தேன். பாய் இப்போது கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் நான் வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போவேன்.

போன வாரம் காலை பத்து மணிக்குத் தினேஷ் என்னை டீச்சர் வீட்டுக்கு அழைத்துப்போனான். டீச்சர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தினேஷ் போனைத் தூக்கிப் பிடித்து, "பேசுங்க மேடம்" என்றான்.

டீச்சர் பாடம் நடத்துகிற மாதிரித் தெளிவாகப் பேசினார். "அந்த ஏரி இருக்கே, காலையில ஒரு நீலம், மத்தியானம் ஒரு பச்சை, சாயங்காலம் தங்கம் கரைச்ச மாதிரி. என் வீட்டுக்காரர் எழுதினது ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. அங்கதான் எனக்கு முடியாமப் போச்சு. மாஸ்டர் கஷாயம்தான் என் உயிரைக் காப்பாத்துச்சு. யாரும் பயப்படாம போகலாம்."

யாரும் பயப்படாமல் போகலாம். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"டீச்சர், அது பொய்" என்றேன்.

"இன்னா மாஸ்டர் பேஜார் பண்றீங்க?" என்று தினேஷ் போனைத் தாழ்த்தினான்.

"நீ சும்மா இருடா. டீச்சர், என் கஷாயம் உங்களைக் காப்பாத்தல. சாவடிக்கப் பாத்துச்சு. உங்களுக்குத் தலைவலின்னு எனக்குத் தெரியும். பாய் கேட்டாரு, நான் இல்லன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை லேயிலேயே நிறுத்தியிருப்பாரு. உங்களைக் காப்பாத்தினது பாயும் அந்த டாக்டரும்தான். ஒன்பது வருஷமா வாயை மூடிக்கினு உங்க வூட்டுக் காப்பியக் குடிச்சுகினு கீறேன்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னை லேயிலேயே நிறுத்தியிருந்தா நான் ஏரியைப் பாத்திருக்க மாட்டேனே" என்றார் மெல்ல. பிறகு என் முகத்தையே பார்த்தார். கணக்கு தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற பார்வை.

"மாஸ்டர், நான் ஏரியைப் பாத்தேனா?"

இத்தனைக்குப் பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வக்கில்லை.

"இல்ல டீச்சர். போகும்போது வண்டியில தூங்கிட்டீங்கன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. இறங்கினதும் கூடாரத்துக்குள்ள போய்ட்டீங்க. காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப ஏரி உங்க பக்கத்து ஜன்னல்லதான் வந்துச்சு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. பாக்கல."

டீச்சர் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. தினேஷ் போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்து, "போலாம் மாஸ்டர்" என்றான்.

"உக்காருப்பா" என்றார் டீச்சர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் போனை எடு. முன்னாடி எடுத்ததை அழிச்சுட்டு, புதுசா எடு."

தினேஷ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பேர் வத்சலா" என்றார். "எல்லார்கிட்டயும் பாத்தேன் பாத்தேன்னு சொல்லிட்டிருக்கேன். அதெல்லாம் அவர் லெட்டர்ல எழுதினது. நான் தலைவலியை மறைச்சுட்டு மேல போனேன். ஏரியைப் பாக்கவே இல்ல."